கட்சி வேறானாலும் பேச்சு முறியாமல் இருக்க

தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தும் கடைகளிலும் ‘இங்கு அரசியல் பேசாதீர்கள்’ என்று எழுதிய பலகையைப் பலரும் பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் அந்தப் பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் நாளிதழைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்துக்கொண்டு நான்கு பேர் அரசியல் பேசிக்கொண்டிருப்பார்கள். கடைக்காரருக்கும் அது தெரியும். பேச்சை அடியோடு நிறுத்துவதற்காக அவர் அதை மாட்டுவதில்லை. குரல்கள் உயர்ந்து, மேசையில் கை ஓங்கி விழும் நேரத்தில் விரல் நீட்டிக் காட்ட ஏதேனும் ஒன்று வேண்டும் என்பதற்காகவே மாட்டுகிறார். வீட்டில் அப்படியொரு பலகை கிடையாது. சண்டை அங்கேதான் ஆழமாக வெட்டுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் குடும்பத்தில் ஒரு நிச்சயதார்த்தம் நடந்தது. பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, கோயம்புத்தூரில் லேத் பட்டறை நடத்தும் என் அத்தான், “இலவசம் கொடுத்துக் கொடுத்தே மக்களைப் பிச்சைக்காரர்களாக்கிவிட்டார்கள்” என்று சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்த சித்தப்பாவின் மகள், அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது கிடைத்த மடிக்கணினியில்தான் முதன்முதலாகத் தட்டச்சு பழகினாள். இன்று அவளுடைய சம்பளத்தில்தான் அந்த வீடு நிற்கிறது. அத்தான் ஒரு கொள்கையைப் பற்றிப் பேசியதாக நினைத்துக்கொண்டிருந்தார், சித்தப்பாவோ தம் மகளைப் பிச்சைக்காரி என்று சொல்லிவிட்டதாகக் கேட்டுக்கொண்டார். பதிலுக்கு அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. அதன்பின் ஓர் ஆண்டுக்கு மேல் இருவரும் ஒருவர் வீட்டு வாசலை மற்றவர் மிதிக்கவில்லை. இதில் எங்களுக்கும் பங்குண்டு. சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் நான் உட்படச் சிலர், சித்தப்பாவின் பதிலுக்குச் சிரித்தோம். சிரிப்பைக் கேட்ட பிறகு அத்தானால் இறங்கிவர முடியவில்லை.

கீழே எழுதியிருப்பவற்றில் பெரும்பகுதி அந்தச் சண்டையைப் பின்னோக்கிப் பார்த்துக் கற்றுக்கொண்டவை.

பேசத் தொடங்குமுன்

முதலில் பார்க்க வேண்டியது, எதிரில் இருப்பவர் யார் என்பதைவிட, சுற்றிலும் யார் இருக்கிறார்கள் என்பதே. தனியாக இருக்கும்போது “அது சரிதான், நான் அப்படி யோசிக்கவில்லை” என்று எளிதாகச் சொல்லிவிடும் ஒருவர், மைத்துனர்களும் மருமகனும் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் அதே சொல்லைச் சொல்ல மாட்டார். சொன்னால் தோற்றதாக ஆகிவிடும். ஆகவே பந்தியிலோ மண்டப வாசலிலோ தொடங்கும் அரசியல் பேச்சு வெப்பமடைவதாகத் தோன்றினால், “மாமா, வாருங்கள், ஒரு காபி குடித்துவிட்டு வருவோம்” என்று அழைத்துக்கொண்டு தனியே நகர்வது நல்லது. பேச்சை முறிக்காமல், பார்வையாளர்களை மட்டும் நீக்கிவிடும் வழி அது. பார்வையாளராக நீங்களே இருந்தால் செய்ய வேண்டியது இன்னும் எளிது: யாருடைய அடிக்கும் சிரிக்காதீர்கள், ‘அப்படிப் போடு’ என்று ஏற்றிவிடாதீர்கள்.

காலமும் முக்கியம். துக்க வீட்டில் பேசக் கூடாது என்பதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை, ஆனால் வாக்கு எண்ணும் நாள் மாலையும் பாதிப் பேருக்குத் துக்க வீடுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணிநேரம் பரப்புரையை நிறுத்தி வைக்கிறது. குடும்பத்துக்குள்ளும் அதே 48 மணிநேரத்தைக் கடைப்பிடித்து, எண்ணிக்கை முடிந்தபின் இன்னொரு 48 மணிநேரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை.

அதே சட்டத்தின் 94ஆவது பிரிவு, யாருக்கு வாக்களித்தாய் என்று எவரையும் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. நீதிமன்றச் சாட்சிக்கூண்டில் நிற்பவருக்கே இருக்கும் இந்தப் பாதுகாப்பு, நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தைக்கு இருக்க வேண்டாமா? “சரி, நீ யாருக்குப் போட்டாய், அதைச் சொல்” என்ற கேள்வி கேட்கப்பட்ட நொடியிலேயே பேச்சு விசாரணையாக மாறிவிடுகிறது. அதைக் கேட்காதீர்கள், கேட்கப்பட்டால் “வாக்குச் சாவடியோடு விட்டுவிட்டு வந்தேன்” என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள்.

ஆளை விட்டுச் செயலைப் பிடித்தல்

தேர்தல் ஆணையத்தின் மாதிரி நடத்தை விதிகளைக் கட்சிகளுக்கான சட்டதிட்டம் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். 1960இல் கேரளச் சட்டமன்றத் தேர்தலின்போது உருவான ஓர் ஒழுங்குமுறையிலிருந்து வளர்ந்துவந்த அந்த விதிகளில், வீட்டுப் பேச்சுக்கு அப்படியே பொருந்தும் பகுதி ஒன்று இருக்கிறது. பிற கட்சிகளை விமர்சிப்பவர்கள் அக்கட்சிகளின் கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பொதுவாழ்வோடு தொடர்பில்லாத தனிவாழ்க்கையைத் தொடக் கூடாது. உறுதி செய்யப்படாத குற்றச்சாட்டுகளையும் திரித்த செய்திகளையும் வைத்துப் பேசக் கூடாது. மேடைகளில் இவற்றை எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பது வேறு கதை. ஆனால் இந்த மூன்றையும் மட்டும் கடைப்பிடித்தாலே நம் வீடுகளில் நடக்கும் சண்டைகளில் முக்கால்வாசி தொடங்காது, ஏனென்றால் அந்தச் சண்டைகளில் முக்கால்வாசி ஒரு தலைவரின் திருமணத்தையோ, மகனையோ, நடித்த படத்தையோ, உச்சரிப்பையோ, பிறந்த சாதியையோ பற்றியவை.

தலைவரைத் தொட்டால் ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று கேட்பவர்கள் தமிழ்நாட்டில் வளராதவர்களாக இருக்க வேண்டும். ‘உடன்பிறப்பே’ என்றும் ‘ரத்தத்தின் ரத்தமே’ என்றும் தொண்டர்களை உறவுமுறை சொல்லி அழைத்துத்தான் இங்கே கட்சிகள் வளர்ந்தன. அப்படி அழைக்கப்பட்டவருக்குத் தலைவர் வீட்டு மனிதர். அவரைக் கேலி செய்துவிட்டு “நான் அரசியல்தானே பேசினேன்” என்று சொல்வது செல்லாது. இதை நாகரிகமற்ற பழக்கம் என்று சிலர் இகழலாம். நான் அப்படி நினைக்கவில்லை. எந்தக் கட்சி முதன்முதலில் தங்கள் தெருவுக்குக் குழாயும் பள்ளியும் சாலையும் கொண்டுவந்தது, எந்தத் தலைவர் தம் தந்தையின் தோளில் கைபோட்டார் என்பதையெல்லாம் நினைவில் வைத்திருப்பது மனிதர்க்கு இயல்பு. அந்த நினைவை மதித்துக்கொண்டே, “அவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை சித்தப்பா, அந்தத் திட்டத்தைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது” என்று தொடங்க முடியும்.

பட்டப்பெயர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சங்கி, உபி, அடிமை, தும்பி, தற்குறி என்று ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் ஒன்று தயாராக இருக்கிறது. இவற்றில் எதைப் பயன்படுத்தினாலும், நீங்கள் எதிரில் இருப்பவரோடு பேசுவதை நிறுத்திவிட்டு, உங்கள் பக்கத்து ஆட்களைச் சிரிக்க வைக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

சொல்லிலேயே தீர்ப்பு எழுதப்பட்டிருக்கும்போது

அத்தானும் சித்தப்பாவும் மோதிக்கொண்ட அதே பொருளை எடுத்துக்கொண்டு, அதை எப்படிப் பேசியிருக்கலாம் என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் இதைவிட நல்ல பயிற்சிக்களம் கிடையாது. ஏனென்றால் இரண்டு பெரிய கட்சிகளும் இதைச் செய்திருக்கின்றன. 2006 தேர்தலில் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியை தி.மு.க. அறிவித்தது, 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, மடிக்கணினி ஆகியவற்றை அ.தி.மு.க. அறிவித்தது. ஆகவே யாரும் முழுக்க ஒரு பக்கம் நின்றுகொண்டு கல்லெறிய முடியாது.

முதல் தடை பெயரிலேயே இருக்கிறது. எதிர்ப்பவர் ‘இலவசம்’ என்கிறார், ஆதரிப்பவர் ‘நலத்திட்டம்’ என்கிறார், அரசாணையோ ‘விலையில்லா’ என்று எழுதியது. மூன்று சொற்களுக்குள்ளும் முடிவு முன்கூட்டியே அடங்கியிருக்கிறது. ஒருவர் தம் சொல்லைப் பயன்படுத்தும்போதெல்லாம் மற்றவர் தோற்கடிக்கப்பட்டதாக உணர்வார். இதற்கு எளிய மாற்று, பொதுப்பெயரை விட்டுவிட்டுப் பொருளின் பெயரைச் சொல்வது: மடிக்கணினி, பேருந்துப் பயணம், காலை உணவு, மாதம் ஆயிரம் ரூபாய். “இலவசம் தேவையா?” என்ற கேள்விக்கு உறவு முறியும், “பன்னிரண்டாம் வகுப்பு மாணவிக்கு மடிக்கணினி கொடுத்ததால் என்ன நடந்தது?” என்ற கேள்விக்குக் கதைகள் வரும். அத்தான் இரண்டாவதைக் கேட்டிருந்தால் சித்தப்பா தம் மகளைப் பற்றி அரை மணிநேரம் பெருமையாகப் பேசியிருப்பார். அதன்பிறகு அத்தானும், சின்னப் பட்டறை வைத்திருப்பவன் கட்டும் வரியையும் மின்கட்டணத்தையும் பற்றித் தன் மனக்குறையைச் சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மையான குறைதான்.

அடுத்து, ஒரே சண்டைக்குள் பின்னிக்கிடக்கும் மூன்று வகைக் கேள்விகளைப் பிரித்தெடுக்க வேண்டும். எவ்வளவு செலவானது என்பது முதல் வகை. அதற்கு விடை நிதிநிலை அறிக்கையிலும், சட்டமன்றத்தில் ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையோடு வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பிலும், தணிக்கைத் துறை அறிக்கையிலும் இருக்கும். தெரியாவிட்டால் தேடிப் பார்க்கலாம், அதற்காகக் கத்த வேண்டியதில்லை. அதனால் பயன் விளைந்ததா என்பது இரண்டாவது; இதற்குப் பகுதி விடையே கிடைக்கும், சொந்த அனுபவத்துக்கும் இங்கே இடமுண்டு. ஓர் அரசு இத்தகையவற்றைச் செய்யலாமா, அந்தப் பணத்தை வேறெதற்குச் செலவிடலாம் என்பது மூன்றாவது. இது மதிப்பீடு சார்ந்தது. இதில் எந்த ஆதாரத்தைக் காட்டினாலும் ஒருவர் மற்றவரை வீழ்த்திவிட முடியாது, வீழ்த்தவும் வேண்டியதில்லை. பெரும்பாலான வீட்டுச் சண்டைகளில் ஒருவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க, மற்றவர் மூன்றாவது கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பார். “நாம் இப்போது செலவைப் பேசுகிறோமா, சரி தவறைப் பேசுகிறோமா?” என்று நடுவில் யாராவது கேட்டாலே பாதிச் சூடு இறங்கிவிடும்.

உச்ச நீதிமன்றமே இதை ஒரே வரியில் முடித்துவிடவில்லை. இந்தத் தொலைக்காட்சி, மிக்சி வாக்குறுதிகளை எதிர்த்து வந்த வழக்கில் 2013இல் தீர்ப்பளித்தபோது, தேர்தல் அறிக்கையில் சொல்லப்படும் வாக்குறுதிகள் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகா என்று ஒருபுறம் கூறியது. மறுபுறம் இவை வாக்காளர்கள்மீது செல்வாக்குச் செலுத்துகின்றன என்பதை ஒப்புக்கொண்டு, தேர்தல் அறிக்கைகளுக்கு வழிகாட்டுநெறிகள் வகுக்குமாறு தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. அத்தானுக்கும் சித்தப்பாவுக்கும் அந்தத் தீர்ப்பில் ஆளுக்கொரு பக்கம் கிடைக்கும்.

அவர் சொல்வதை நீங்கள் சொல்லிப் பாருங்கள்

அருணந்தி சிவாசாரியாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் இரண்டு பகுதிகளாக அமைந்தது: பரபக்கம், சுபக்கம். பிறர் கொள்கைகளை எடுத்துச் சொல்லி அவற்றை மறுப்பது முதலில் வரும். தம் கொள்கையை நிறுவுவது அதற்குப் பிறகுதான். மறுக்கப்போகும் கொள்கையைக்கூட முதலில் முறையாகக் கூறிவிட வேண்டும் என்பது இங்கே பழைய வாத மரபு. இதை வீட்டில் செய்து பார்ப்பது கடினமில்லை. “நீங்கள் சொல்வது இதுதானே பெரியப்பா: ஆட்சி மாறினால் நடந்துகொண்டிருக்கிற வேலை நின்றுவிடும், அதனால் குறை இருந்தாலும் இவர்களே தொடரட்டும் என்கிறீர்கள், சரியா?” என்று கேளுங்கள். அவர் ‘ஆமாம்’ என்று தலையசைத்த பிறகே உங்கள் மறுப்பைத் தொடங்குங்கள். ‘இல்லை’ என்றால் இன்னொரு முறை கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். கிண்டலாகச் சுருக்கிச் சொல்வது பரபக்கம் ஆகாது. எதிரில் இருப்பவர் “நானே இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்” என்று எண்ணும்படி சொல்ல வேண்டும்.

வயதில் மூத்தவர்களோடு பேசும்போது ‘நீங்கள் சொல்வது தவறு’ என்ற தொடர், கருத்தைத் தாண்டி மரியாதையைத் தொட்டுவிடும். “எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது பெரியப்பா” என்பதும் அதே மறுப்புத்தான், ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை அது அசைப்பதில்லை. “நேற்றுப் பிறந்தவன், உனக்கென்ன தெரியும்” என்று அவர் சொன்னால், அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல் அழைப்பாக எடுத்துக்கொண்டு, “தெரியாதுதான், 1965 இந்திப் போராட்டத்தின்போது நம் ஊரில் என்ன நடந்தது, நீங்கள் சொல்லுங்கள்” என்றோ, “நெருக்கடிநிலை நாட்களில் நீங்கள் எங்கே வேலையில் இருந்தீர்கள்?” என்றோ கேட்டுவிடலாம். அவரும் கருத்துச் சொல்வதிலிருந்து நினைவைச் சொல்வதற்கு மாறிவிடுவார். நினைவைச் சொல்பவர் அரிதாகவே கத்துவார். அதேபோல, கூடத்தில் ஆண்கள் மட்டுமே மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தால், எரிவாயு உருளையின் விலையையும் நியாயவிலைக் கடையில் கிடைக்கும் அரிசியின் தரத்தையும் தினமும் எதிர்கொள்ளும் அத்தையிடம் திரும்பி ஒரு கேள்வி கேளுங்கள். கட்சி மேடையிலிருந்து கடன் வாங்கிய வாசகங்கள் அந்த இடத்தில் நின்றுபோவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

“உங்கள் ஆட்சியில் மட்டும் என்ன கிழித்தீர்கள்?” என்பது நம் அரசியல் பேச்சின் நிரந்தர எதிர்க்கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் புகுந்தால் பேச்சு 1967 வரைக்கும் பின்னோக்கி ஓடும். பதில் சொல்லாவிட்டால் ஓடி ஒளிந்ததாக ஆகும். “அதையும் பேச வேண்டியதுதான், அதில் குறை இருந்தது; இதை முடித்துவிட்டு அதற்கு வருவோம்” என்று சொல்லி, சொன்னபடி அதற்கு வந்தும் விடுங்கள். உங்கள் பக்கத்துக் குறை ஒன்றை நீங்களே முதலில் ஒப்புக்கொள்வதுபோல எதிராளியின் கையை இறக்கும் உத்தி வேறெதுவும் எனக்குத் தெரியாது.

கைப்பேசிக் குழுவில்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சிக்கல் இரட்டிப்பாகிறது, ஏனென்றால் அங்கே பார்வையாளர்கள் எப்போதும் இருக்கிறார்கள். மாமா அனுப்பிய செய்தி பொய் என்று தெரிந்ததும், அதே குழுவில் உடனே திருத்தத்தைப் போடத் தோன்றும். போடாதீர்கள். ஐம்பது பேர் முன்னிலையில் தம்மைத் தவறென்று நிறுவிய உங்களை அவர் எளிதில் மன்னிக்க மாட்டார். தனியாக அழைத்து, “மாமா, நீங்கள் அனுப்பியதை நானும் பார்த்தேன், தேடிப் பார்த்தால் அது வேறு மாநிலத்துப் பழைய படம்போல இருக்கிறது” என்று சொன்னால், பலமுறை அவரே குழுவில் நீக்கிவிடுவார். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது முதன்முதலில் அனுப்பியவரிடமிருந்து ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட உரையாடல்களைக் கடந்து வந்தது என்று பொருள். அதாவது, அதை எழுதியவர் மாமா அல்லர், அவரும் ஒரு வழிப்போக்கரே. இந்த ஒன்றை நினைவில் வைத்தாலே கோபத்தின் பெரும்பகுதி அவர்மேல் பாயாது. தொலைபேசியில் பேச வேண்டிய எதையும் எழுத்தில் வாதிடாதீர்கள். குரலில் இருக்கும் தயக்கத்தை எழுத்து காட்டாது.

நிறுத்த வேண்டிய இடம்

எல்லாப் பேச்சையும் மென்மையாகத் தொடர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒருவரின் சாதியையோ மதத்தையோ இழிவாகப் பேசுவது கருத்து வேறுபாடு ஆகாது. அங்கே நயம் பாராட்டுவது இழிவுக்கு உள்ளானவருக்குச் செய்யும் துரோகம். “இந்த வீட்டில் இதைப் பேச வேண்டாம்” என்று குரலை உயர்த்தாமல், காரணம் விளக்கிக்கொண்டிராமல், தெளிவாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். அதேபோல, ஒரு நிகழ்வில் வீட்டையும் உறவையும் இழந்தவரிடம் அந்த நிகழ்வைப் பட்டிமன்றத் தலைப்பாக்காதீர்கள். ஈழத்திலிருந்து வந்து நம் தெருவில் வாழும் குடும்பத்தோடு 2009ஐப் பற்றி ‘இரு பக்கமும்’ விவாதிக்க நமக்கு உரிமை இல்லை. கேட்கும் கடமைதான் உண்டு.

மற்ற நேரங்களில் நிறுத்துவதற்கு நல்ல வழிகாட்டுதல் மணிமேகலையில் இருக்கிறது. புகார் நகரத்தில் இந்திர விழாவை முரசறைந்து அறிவிப்பவன், சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறட்டும் என்று சொல்லிவிட்டு, ‘பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்’ என்கிறான். பகைவரோடு நேர்ந்தாலும் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிப் போய்விடுங்கள் என்கிற அந்த அறிவிப்பில் ‘வெல்லுங்கள்’ என்ற சொல் இல்லை. ஒரே வாதத்தை நீங்கள் மூன்றாவது முறையாகச் சொல்வதை உணர்ந்தால், அல்லது எதிரில் இருப்பவர் ‘நீங்கள்’ என்பதிலிருந்து ‘நீ’க்கு இறங்கிவிட்டால், அகல வேண்டிய நேரம் வந்துவிட்டது.

தேர்தலில் உங்கள் பக்கம் வென்றிருந்தால் முதல் அடியை நீங்கள்தான் எடுத்து வைக்க வேண்டும். 1949இல் பெரியாரைப் பிரிந்து புதுக் கட்சி கண்டவர் அண்ணா. 1967 தேர்தலில் பெரியார் காங்கிரசுக்கு ஆதரவாக நின்று தி.மு.க.வை எதிர்த்தார். வெற்றி பெற்றதும் அண்ணா திருச்சிக்குச் சென்று பெரியாரைச் சந்தித்தார். வென்றவர் போனால் அது பெருந்தன்மை, தோற்றவர் போனால் அது சரணடைதலாகத் தெரியும். அதனால் தோற்றவர் வருவார் என்று காத்திருக்காதீர்கள்.

பேச்சு முறிந்தே போயிருந்தால், மறுநாள் காலையே அழையுங்கள். ஒரு வாரம் கழிந்தால் அழைப்பதற்கு ஒரு காரணம் தேட வேண்டியிருக்கும். “நேற்று நான் குரலை உயர்த்தியது தவறு” என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு ‘ஆனால்’ என்ற சொல் வாயில் வந்தால் விழுங்கிவிடுங்கள், ஏனென்றால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நேற்றைய வாதம் முழுவதும் வரிசையில் நிற்கிறது. பின்பு வேறு எதையாவது கேளுங்கள். ஓர் ஆண்டு கழித்து அத்தான் சித்தப்பாவை அழைத்தபோது, தன் பட்டறைக் கணக்கைக் கணினியில் ஏற்ற வேண்டியிருக்கிறது, தங்கச்சிக்கு ஞாயிற்றுக்கிழமை நேரம் இருக்குமா என்றுதான் கேட்டார்.